நாய்க்கு வைத்த சூப்

அது மாட்டெலும்புதான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஒரு சொல்லைச் சுற்றி வளைத்துப் பேசியே எங்கள் வீட்டில் ஒரு தலைமுறைக்கு வயதாகிவிட்டது. எழுதும்போதாவது நேராக எழுதிவிட்டுப் போகிறேன். மூக்கைச் சுளிக்கிறவர்கள் இப்போதே சுளித்துக்கொள்ளலாம்.

2007ஆம் வருடம் கடலூர் மஞ்சக்குப்பத்தில் வாடகைக்கு இருந்தோம். அப்பா அங்கே ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தர். கோப்பு தூக்கும் வேலையில் சேர்ந்து, துறைத் தேர்வு எழுதி, மேசை நாற்காலிக்கு வந்தவர். அம்மா வீட்டைப் பார்த்துக்கொண்டாள். நான் சிதம்பரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தேன். காலையில் பஸ் பிடித்துப் போய்ச் சாயங்காலம் திரும்புவேன். கீழ் போர்ஷன் எங்களுக்கு, மாடியில் வீட்டுக்காரரும் அவர் மனைவியும். அவர் ஓய்வு பெற்ற அதிகாரி, நல்ல மனிதர் என்று தெருவே சொல்லும். நாங்களும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தோம்.

வீடு பார்க்கப் போன அன்று அவர் கேட்ட முதல் கேள்வி, “சொந்த ஊரு எது?” என்பது.

“பண்ருட்டி பக்கம் சார்” என்றார் அப்பா.

இது அப்பாவின் கைவசம் எப்போதும் இருக்கும் பதில். எங்கள் ஊர் மேல்பட்டாம்பாக்கம். அந்தப் பெயரைச் சொன்னால் அடுத்தது எந்தத் தெரு என்று கேட்பார்கள். பண்ருட்டி பக்கம் என்றால் பேச்சு பலாப்பழத்துக்கும் முந்திரிக்கும் போய்விடும். அன்றும் அப்படித்தான் போனது. இந்த வருஷம் பலா எப்படி என்று வீட்டுக்காரர் விசாரித்தார். ஒரு பலாமரம்கூடச் சொந்தமில்லாத அப்பா, காய்ப்பு பரவாயில்லை என்று சொல்லிச் சாவியை வாங்கிக்கொண்டார்.

அந்த வீட்டுக்கு வந்த பிறகு மாட்டுக்கறி சமைப்பது நின்றுபோனது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. அம்மா ஒருநாள் அந்தச் சட்டியைக் கழுவித் துடைத்துப் பரணில் ஏற்றினாள், அவ்வளவுதான். மாடியில் ஞாயிறு தவறாமல் ஆட்டுக்கறி கொதிக்கும். வாசனை படியிறங்கி எங்கள் கூடத்துக்கு வரும். அதற்காக அவர்கள் ஜன்னலைச் சாத்தியதில்லை. நமக்கும் மீனும் ஆட்டுக்கறியும் போதும் என்று நாங்கள் சொல்லிக்கொண்டோம். அப்பாவுக்குப் போதவில்லை என்று எனக்குத் தெரியும், ஆனால் அவர் வாயைத் திறந்து கேட்டதில்லை. கேட்டு வாங்கிப் பழகாத மனிதர் அவர்.

நாய் அந்தத் தெருவிலேயே பிறந்தது. செவலை நிறம், பெட்டை. ‘அது’ என்று எழுத எனக்கு மனம் வரவில்லை, அவள் என்றே எழுதுகிறேன். எங்கள் வாசலில் வந்து படுத்தாள், படுத்த இடத்தைப் பட்டா போட்டுக்கொண்டாள். மாடியில் ஒரு வெள்ளைப் பொமரேனியன் இருந்தது. வயதான நாய். கைப்பிடிச் சுவரின் கம்பி வழியாகத் தலையை நீட்டி இவளைப் பார்த்துத் தொண்டை வறளக் குரைக்கும். இவள் ஒரு காதைக்கூடத் திருப்ப மாட்டாள். அந்த அலட்சியத்துக்காகவே எனக்கு அவளைப் பிடிக்கும். எங்கள் வீட்டில் வேறு யாருக்கும் அது வாய்க்கவில்லை.

ஒருநாள் மைதானத்து ஓரம் ஒரு வேன் அவள் பின்னங்காலில் ஏறிவிட்டுப் போனது. அப்பா அவளைச் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் மாட்டாஸ்பத்திரிக்குப் போனார். கட்டுப் போட்டார்கள். வீட்டுக்கு வந்தவள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். தயிர்சாதம், பால்சாதம், பிஸ்கட், கருவாட்டுத் தலை, எதையும் தொடவில்லை. தட்டைப் பார்த்ததும் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொள்வாள். விலா எலும்பு ஒவ்வொன்றாக வெளியே தெரிய ஆரம்பித்தபோது மறுபடி தூக்கிக்கொண்டு போனோம். இந்த முறை நானும் கூடப் போனேன்.

டாக்டர் அவசரக்காரர், குரலும் பெரிசு. “கால் கூடிடும்மா. சாப்புடலைன்னா கால் கூடி என்னா பிரயோஜனம்? எலும்பு வாங்கி நல்லா வேக விடுங்க. உப்பு, காரம், வெங்காயம், பூண்டு எதுவும் போடாதீங்க, நாய்க்கு ஆவாது. ஆறவெச்சு மேல ஒறையற கொழுப்ப எடுத்துட்டு, சாறை மட்டும் சோத்துல ஊத்திப் பெசைஞ்சு வைங்க. வெந்த எலும்பக் குடுத்துடாதீங்க, உள்ள போயி குத்தும்.”

“ஆட்டெலும்புங்களா சார்?” என்று கேட்டார் அப்பா.

“மாட்டெலும்பே வாங்குங்க. தொடை எலும்பா கேளுங்க, மஜ்ஜை ஜாஸ்தி.”

அப்பா சட்டென்று திரும்பிப் பின்னால் பார்த்தார். யார் காதில் விழுந்தது என்று பார்த்தார். ஓர் ஆட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு பெரியவர் நின்றிருந்தார், ஆடும் நின்றிருந்தது, வேறு யாரும் இல்லை. ஆனாலும் அப்பாவின் முகம் திருட்டில் பிடிபட்டவர் முகமாகியிருந்தது. சாகக் கிடக்கும் நாய்க்கு மருந்து சொல்கிறார்கள், இவர் தோளுக்குப் பின்னால் பார்க்கிறார். எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. அப்பா மேல் வந்த கோபமா என்று கேட்டால் இல்லை. அவர் கழுத்தை அப்படித் திரும்பப் பழக்கியவர்கள் மேல் வந்தது.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மா, “வேணாம்டி. ஆட்டெலும்பே வாங்கிக் குடுத்துப் பாப்போம்” என்றாள்.

வாங்கியிருக்கலாம். ஆட்டெலும்பிலும் சாறு இறங்கும், நாய் அதையும் குடித்திருக்கும். பிடிவாதம்தான் என் பதில். நாங்கள்தான் பேர் மாற்றி, ஊர் மாற்றிப் பேசுகிறோம், நாய்க்கு எழுதிக்கொடுத்ததையும் மாற்றி வாங்க வேண்டுமா? டாக்டர் சொன்னதைத்தான் வாங்குவேன் என்று நின்றேன். கடைசியில் அம்மா ஒரு படி இறங்கி வந்தாள். “வாங்கித் தொலை. ஆனா இங்க வாங்காத, யாராவது பாத்துருவாங்க. சிதம்பரத்துலயே வாங்கிட்டு வந்துரு.”

ஆகவே எங்கள் நாயின் எலும்பு பஸ்ஸில் வந்தது. சாயங்காலம் வேலை முடிந்ததும் சிதம்பரத்தில் கறிக்கடைக்குப் போய்த் தொடை எலும்பைத் துண்டு போட்டு வாங்கி, எவர்சில்வர் தூக்கில் போட்டு மூடி, மடியில் வைத்துக்கொண்டு கடலூர் பஸ்ஸில் உட்காருவேன். தினமும் பார்க்கிற முகங்கள் பஸ்ஸில் உண்டு. புதுச்சத்திரத்தில் ஏறும் ஓர் அக்கா ஒருநாள், “என்னா தெனமும் தூக்கோட போற?” என்று கேட்டாள். “எலும்புக்கா. மாட்டெலும்பு. நாய்க்கு” என்றேன். பக்கத்தில் இருந்த இன்னொரு அம்மா புடவையை ஒதுக்கிக்கொண்டு ஜன்னலோரம் நகர்ந்தாள். அந்த அக்கா நகரவில்லை. எந்தக் கடை என்று கேட்டு வைத்துக்கொண்டாள். ஒருத்தி நகர்ந்ததில் எங்கள் இருவருக்கும் தாராளமாக இடம் கிடைத்தது.

வீட்டில் சூப் வைக்கும் நேரம் ஒரு சடங்கு. அம்மா முதலில் சமையலறை ஜன்னலைச் சாத்துவாள், பிறகு கூடத்து ஜன்னல், பிறகு கொல்லைக் கதவு. அதன் பிறகுதான் எலும்பு குக்கரில் விழும். கை சும்மா இராமல் சின்ன வெங்காயக் கூடைப் பக்கம் போகும், நான் தட்டிவிடுவேன். “இஞ்சி கூடவாடி ஆவாது? பச்சைத் தண்ணியில எலும்ப வேக வெச்சா அது என்னாடி சமையல்?” என்று புலம்புவாள். விசில் அடங்கியதும் கம்ப்யூட்டர் சாம்பிராணியைக் கொளுத்திக்கொண்டு அறை அறையாகச் சுற்றுவாள். மாட்டு வாசனையும் சாம்பிராணியும் சேர்ந்தால் என்ன மணக்கும் என்று எழுத்தில் சொல்ல முடியாது. நாங்கள் மூன்று பேரும் அதற்குள் இருமிக்கொண்டிருப்போம்.

அந்த நேரம் பார்த்து அப்பா தண்ணீர் குடிக்கச் சமையலறைக்கு வருவார். தினமும் வருவார். ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க யாருக்கும் அவ்வளவு நேரம் ஆகாது. குக்கர் பக்கம் பார்க்க மாட்டார், கண்ணை மூடிக்கொண்டு குடிப்பார். அம்மாவும் நானும் கவனிக்காதது போல இருப்போம்.

முதல் நாள் சாறை ஆறவைத்துக் கொழுப்பை எடுத்துவிட்டுக் கிண்ணத்தில் ஊற்றி அவள் முன்னால் வைத்தேன். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவளின் மூக்கு முதலில் அசைந்தது. பிறகு தலை திரும்பியது. எழுந்திருக்க முடியாததால் கழுத்தை நீட்டி நக்கினாள். கிண்ணம் காலியானதும் கிண்ணத்தையே தள்ளிக்கொண்டு போய்ச் சுவரில் முட்டி நக்கினாள். நான் அழுதுவிட்டேன். மறுநாள் ஒரு பிடி சோறு அதில் பிசைந்து வைத்தோம், பிறகு இரண்டு பிடி. சூப்பில் அதிசயம் ஒன்றும் இல்லை. தின்ன மறந்த நாய்க்குப் பசியை ஞாபகப்படுத்தியது, சோறு உள்ளே போனது, சோறுதான் அவளை எழுப்பி நிறுத்தியது. கட்டுப் போட்ட காலைத் தூக்கிக்கொண்டு மூன்று காலில் வாசல் வரை அவள் நடந்து வந்த அன்று அம்மா பால் பாயசம் செய்தாள்.

இதற்கிடையில் மாடி ஆன்ட்டிக்கு எங்கள் வீட்டின் மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது. “வெள்ளி செவ்வாயில சாம்பிராணி போடுவாங்க பாத்திருக்கேன். ஒங்கம்மா தெனமும் போடறாங்களே! என்னா பக்தி!” என்று தெருவில் வைத்து என்னிடம் சொன்னார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு தலையாட்டினேன்.

ஆன்ட்டிதான் ஒருநாள் அம்மாவிடம், செத்துப்போகும் என்று நினைத்த நாய் எப்படி எழுந்தது என்று கேட்டிருக்கிறார். அவருடைய பொமரேனியனுக்கும் பின்னங்கால்கள் தள்ளாடத் தொடங்கியிருந்தன. சூப் வைத்துக் கொடுக்கிறோம் என்று சொன்ன அம்மா, அத்தோடு நிறுத்தாமல் ஆட்டுக்கால் சூப் என்று சேர்த்துவிட்டாள். எங்க நாய்க்கும் கொஞ்சம் குடேன் என்று ஆன்ட்டி கேட்க, கிண்ணம் மாடியேறிவிட்டது. அதுவும் தினமும். எனக்குத் தெரியவந்தபோது அம்மாவிடம் சண்டை போட்டேன்.

“நாய்க்குத்தானேடி குடுக்கறேன். நாய் என்னா ஜாதி பாக்கப் போவுதா?” என்றாள் அம்மா. சண்டையை அத்தோடு விட்டுவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போனேன். வீட்டுக்காரர் மாடி வராந்தாவில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து ஒரு டம்ளரை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. “வாம்மா. ஒங்கம்மா கைய புடிச்சிக் கண்ணுல ஒத்திக்கணும். இந்த ஆட்டுக்கால் சூப்பு முட்டிக்கு அப்படிக் கேக்குது. இப்பல்லாம் கம்பிய புடிக்காம படி எறங்குறேன் தெரியுமா?”

ஆன்ட்டி உள்ளிருந்து சிரித்தார். “நாய்க்கு ஊத்தினது போக மிச்சம் இருந்துச்சும்மா. வீணாப் போவுதேன்னு மிளகும் உப்பும் போட்டு இவருக்குச் சூடு பண்ணிக் குடுத்தேன். இப்ப அது இல்லாம இவருக்குப் பொழுது போவ மாட்டேங்குது.”

ஈரத்துணி வாளி என் கையில் கனத்தது. மூட்டு வலிக்கு ஆட்டுக்கால் சூப் என்பது இந்தப் பக்கத்தில் யாரும் சந்தேகப்படாத வைத்தியம். அது மாடியில் இருந்த இருவருக்கும் தோன்றியதில் ஆச்சரியம் இல்லை. சிரித்துவிட்டுத் துணியைக் காயப்போட்டுக் கீழே இறங்கியிருக்கலாம். அம்மாவாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பாள், அப்பாவாக இருந்தால் பலாப்பழத்தைப் பற்றிப் பேசியிருப்பார். என்னால் முடியவில்லை. ஒருவர் தின்ன விரும்பாததை அவருக்குத் தெரியாமல் தின்னவிடுவது அயோக்கியத்தனம். நாங்கள் தின்பதை நாங்களே ஒளித்துவைப்பது கேவலம். இரண்டும் ஒரே டம்ளரில் இருந்தன.

“அங்கிள், அது ஆட்டுக்கால் இல்ல. மாட்டெலும்பு. நாய்க்காக டாக்டர் சொன்னது” என்றேன்.

ஆன்ட்டி வந்து அவர் கையிலிருந்து டம்ளரை இரண்டு விரலால் எடுத்தார். வீட்டுக்காரர் எழுந்து போய் வாய் கொப்பளித்தார். கொப்பளித்தார், காறினார், மறுபடி கொப்பளித்தார். கீழே அம்மாவுக்கே கேட்டிருக்கும். நான் துணி முழுவதையும் காயப்போட்டுவிட்டுத்தான் இறங்கினேன். எல்லாத் துணிக்கும் கிளிப் போட்டேன்.

சாயங்காலம் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். குளித்து, நெற்றி நிறைய விபூதி பூசியிருந்தார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். அம்மா காபி கொடுத்துவிட்டு நின்றபடியே அழுதாள். “நாய்க்குத்தாங்க சார். நாங்க கையாலயும் தொடமாட்டோம். எங்களுக்கு அந்தப் பழக்கமே இல்ல.”

அவர் கையைக் காட்டி அவளை அமர்த்தினார். “தெரியுதும்மா. ஒங்களப் பாத்தா தெரியாதா? எல்லாம் இந்த நாயால வந்தது. இத எங்கயாவது கொண்டுபோயி விட்டுடுங்க. சில்வர் பீச் பக்கம் விட்டா மீனத் தின்னு பொழைச்சிக்கும். அந்தச் சமையல இத்தோட நிறுத்திடுங்க. நீங்க பாட்டுக்கு இருங்க. ஒங்கள மாதிரி குடும்பம் எனக்குக் கெடைக்குமா?”

வாசல்படியில் அவள் கட்டுப் போட்ட காலை நீட்டிப் படுத்திருந்தாள். மூன்று காலோடு அவளைக் கடற்கரையில் விட்டால் அங்கிருக்கும் நாய்கள் ஒரு பொழுது தாங்கவிடாது. அது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் வீடு மிஞ்சும், மரியாதை மிஞ்சும், சாம்பிராணி பக்தியும் மிஞ்சும். அம்மா தலையை ஆட்டவும் தொடங்கிவிட்டாள். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அப்பா பேசினார்.

“நாய்க்கு மட்டும் இல்ல சார்.”

குரல் சின்னதாகத்தான் வந்தது. கூடத்தில் அந்த நேரம் வேறு சத்தமே இல்லாததால் கேட்டது.

“நாங்களும் சாப்புடுவோம். சின்ன வயசுல இருந்து சாப்புடறதுதான். இங்க வந்தப்புறம்தான் நிறுத்துனோம். ஒங்களுக்குத் தெரியாம குடுத்தது தப்பு, அதுக்கு மன்னிச்சிக்குங்க. சாப்புடறது தப்பு இல்ல.”

வீட்டுக்காரர் அப்பா பக்கம் திரும்பினார். “நீங்க பண்ருட்டி பக்கம்னுதானே சொன்னீங்க?”

“பக்கம்லாம் இல்ல சார். மேல்பட்டாம்பாக்கம். காலனி.”

அந்தச் சொல்லை அப்பா வெளியாள் ஒருவரிடம் சொல்லி அதுவரை நான் கேட்டதில்லை. சொல்லும்போது தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தேன், கழுத்து அசையவில்லை.

வீட்டுக்காரர் பாதி குடித்த காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். வேறு வீடு பார்த்துக்கொள்ளச் சொன்னார். போகும்போது கம்பியைப் பிடித்துக்கொள்ளாமல் விறுவிறுவென்று படியேறினார். அவருடைய முட்டி மட்டும் எங்கள் பக்கம் நின்றது.

அம்மா அப்பாவைத் திட்டினாள், என்னைத் திட்டினாள், நாயையும் திட்டினாள். அப்பா ஸ்டூல் போட்டு ஏறிப் பரணிலிருந்து அந்தச் சட்டியை எடுத்துக் கழுவி வைத்தார். மறுநாள் சிதம்பரத்திலிருந்து நான் எலும்போடு கறியும் வாங்கி வந்தேன். அம்மா பழக்கத்தில் ஜன்னலைச் சாத்தப் போனாள், போனவள் கொக்கியில் கை வைத்தபடி நின்றாள், சாத்தாமல் திரும்பி வந்து வெங்காயம் உரிக்க உட்கார்ந்தாள். மிளகும் சோம்பும் வறுபட்ட வாசனை தாராளமாக மாடியேறியது. உப்பில்லாத சாறு முதலில் வாசல்படிக்குப் போனது. பிறகு நாங்கள் மூவரும் சாப்பிட்டோம். அப்பா எலும்பை உறிஞ்சிய சத்தத்தை நாய் காதை நிமிர்த்திக் கேட்டாள். அவ்வளவு நிறைவாக ஒரு மனிதர் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

என் வேலைக்குப் பக்கமாக இருக்கட்டும் என்று சிதம்பரத்தில் வீடு தேடினோம். இனி பஸ்ஸில் நான் போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டார் அப்பா. நாயையும் தூக்கிக்கொண்டு பார்க்கப் போன இடங்களில் எல்லாம் யாரும் கேட்கும் முன் அவரே ஒப்பிப்பார். “நாங்க மேல்பட்டாம்பாக்கம் காலனி. மாட்டுக்கறி சமைப்போம். ஒரு நாய் இருக்கு.” முதல் வீட்டில் இப்போதுதான் வேறு ஒருவருக்குப் பேசி முடித்தோம் என்றார்கள். இன்னொரு வீட்டில் மகன் திடீரென்று வெளியூரிலிருந்து திரும்பி வருவதாகச் சொன்னார்கள். “கொஞ்சம் பொறுத்துச் சொல்லக் கூடாதாய்யா? சாவிய வாங்கிட்டாவது சொல்லேன்” என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அப்பா கேட்கவில்லை. இத்தனை வருஷம் பொறுத்தாயிற்று என்றார்.

கடைசியில் ரயிலடிக்குப் பக்கத்தில் ஒரு வீடு. வீட்டுக்காரர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீர்த் தொட்டி கழுவிக்கொண்டிருந்தார். அப்பா தன் மூன்று வாக்கியங்களையும் மூச்சு விடாமல் சொல்லி முடித்தார். அவர் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு, ஆட்டோவில் என் மடியில் கட்டுக் காலோடு கிடந்தவளைச் சந்தேகமாக எட்டிப் பார்த்தார்.

“நாய் கடிக்குமா?” என்று கேட்டார்.

2012இல் அவள் சாகும்வரை அந்த வீட்டில்தான் இருந்தோம். நொண்டிக்கொண்டே வளைய வந்தாள், சூப் ஒருநாளும் நிற்கவில்லை, யாரையும் கடிக்கவும் இல்லை. ஆனால் அன்றைக்கு அந்தக் கேள்விக்கு அப்பாவால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. ஊரைப் பற்றிக் கேட்பார், தெருவைப் பற்றிக் கேட்பார் என்று அத்தனை பதில்களோடு போய் நின்றவர், இதற்குத் தயாராக இல்லை.